தேவாலயத்தில் ஒரு ஒப்பாரி

1

போன வாரம் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அடித்த பேனர். ரெட்டிபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கட்டியிருக்கிறார்கள். ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தையே பெரிதாக்கியதால் அம்மா யாரிடமோ கோபித்துக்கொண்டதுபோல் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியை ஒட்டியிருக்கிறார்கள். கீழே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசை. கடைசியில் என் பெயர், கொளஞ்சி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘லண்டன்’.

நான் லண்டனில் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, மழையும் ஆடுகளும் மிகுந்த ஒரு சிறிய டவுனில் இருக்கிறேன். லண்டனை விமானத்திலிருந்து இறங்கிய அன்று பார்த்ததோடு சரி.

“ஊர் பேரச் சொன்னேங்க்கா. ஃபிளக்ஸ் கடைக்காரந்தான், இத எழுதுனா யாருக்குப் புரியும், லண்டன்னே போட்டுக்கலாம்னுட்டான்” என்றான் தம்பி.

சரி என்றேன். அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் வேலை செய்யும் இடத்தில், ஒரு பழைய தேவாலயத்துக்குள், நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அம்மாவை எடுத்த அன்றும் நான் அதே இடத்தில்தான் நின்றிருந்தேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் அந்தக் கட்டடத்தைப் பற்றி.

பல தலைமுறைகளுக்கு முன்னால் கட்டிய கல் கட்டடம். வெளியே சாம்பல் நிறம், உள்ளே அதைவிடச் சாம்பல். வழிபாட்டுக்கு வருகிறவர்கள் குறைந்து குறைந்து, கடைசியில் கிழவர்கள் சிலர் மட்டும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து ஜெபித்தார்களாம். கூரை ஒழுகியது. பிறகு அதைக் கச்சேரி மண்டபமாக மாற்றிவிட்டார்கள்.

மாற்றினார்கள் என்றாலும் ஒரு ஆணி அடிக்க அனுமதி கிடையாது. பழைமையான கட்டடம் என்று அரசாங்கம் பாதுகாக்கிறது. அதனால் எல்லாம் அப்படியே இருக்க, வேலை மட்டும் மாறிவிட்டது. பலிபீடம் இருந்த இடம் மேடை. பாதிரியார் அங்கி மாற்றிய அறையில் ஒயினும் பீரும் விற்கிறார்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கல் தொட்டியில் நிகழ்ச்சி நோட்டீஸ்களை அடுக்கி வைக்கிறேன். சுவர்களில் பித்தளைத் தகடுகள். எல்லாவற்றிலும் இறந்தவர்களின் பெயர்கள். வாரம் ஒருமுறை அவற்றைத் துடைப்பது என் வேலை.

நாற்காலி போடுவது, கூட்டுவது, கதவு திறப்பது, மூடுவது எல்லாம் நான்தான். பெரம்பலூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, புலம்பலாகவும் சொல்லவில்லை. கொளஞ்சி என்ற பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாததால் ‘கோ’ என்று சுருக்கிவிட்டார்கள். நாள் முழுக்க யாராவது ஒருவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் போ, போ என்று கூப்பிட்டபடி இருப்பார்கள்.

அம்மா உயிரோடு இருந்தபோது ஒருமுறை வீடியோவில் கட்டடம் முழுவதையும் சுற்றிக் காட்டினேன். அவள் கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்தில் பிறந்தவள். கல் கட்டடத்தைப் பார்த்து மலைக்கிற ஆள் இல்லை.

“ஏண்டி, மாதா கோயிலுங்கற, மாதாவக் காணோம்?”

“இங்க கும்பிட ஆளு இல்லம்மா. இப்ப பாட்டுக் கச்சேரிதான் நடக்குது.”

“ஆளு வல்லன்னா வெளக்கேத்தி வெச்சுட்டுச் சும்மா கெடக்க வேண்டியதுதானே? அது என்னா பாட்டிலு வரிசையா?”

“பாரும்மா. சாராயக் கடை மாதிரி.”

அம்மா முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, “தரை சுத்தமா இருக்கு. அங்க தூசி இல்லையோ?” என்று கேட்டாள்.

ரெட்டிபாளையத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். சிமெண்ட் ஃபேக்டரி ஊர். முருங்கை இலைகூட வெளுத்துத்தான் இருக்கும். காலையில் கூட்டிய வாசலை மதியம் மறுபடி கூட்ட வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் அலமாரித் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அம்மா வாழ்நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் சரவணனைக் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்குப் போனதிலேயே அவளுக்குப் பாதி நிம்மதி. வெளிநாடு என்றதும் மீதியும் கிடைத்தது. “நீயாவது நல்ல காத்த சுவாசி” என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

இங்கே காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

3

நாங்கள் மாட்டிக்கொண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சரவணன் இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர். இந்த நாட்டில் இருக்கும் உரிமை அந்த வேலையோடு கட்டிய கயிறு. அவனைக் கூட்டிவந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ளும் உரிமம் போய்விட்டது. குறிப்பிட்ட காலத்துக்குள் வேறு இடம் தேடாவிட்டால் அவன், நான், மகள் யாழினி மூவரும் கிளம்ப வேண்டும். அலைந்து திரிந்து இன்னொரு இல்லம் கிடைத்தது. விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தோம். பதில் வரும்வரை இருக்கலாம், வேலை செய்யலாம், குழந்தை பள்ளிக்குப் போகலாம். ஒன்றே ஒன்று கூடாது. முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கி வைக்கவில்லை. அது எங்கள் துணி அலமாரியில், என் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே போனால் திரும்பி வர முடியாது, அவ்வளவுதான்.

பூட்டிய கதவு என்றால் தட்டலாம், உதைக்கலாம். திறந்த கதவுக்கு முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மனிதர்கள் அதற்கும் பழகிவிடுகிறார்கள். சமைத்தேன், வேலைக்குப் போனேன், யாழினியின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டேன்.

யாழினிக்கு அப்போது பதிமூன்று வயது. பள்ளியில் அவள் ‘யாஸ்’. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். முதலில் அது விளையாட்டாக இருந்தது. பிறகு பழக்கமாகிவிட்டது. அதற்கப்புறம் நான் பேசுவதில் பாதிதான் அவளுக்குப் புரிகிறது என்று தெரிந்தது. நல்ல குரல் அவளுக்கு. எங்கள் மண்டபத்திலேயே சனிக்கிழமை தோறும் ஒத்திகை பார்க்கிற சிறுவர் பாடகர் குழுவில் சேர்ந்திருந்தாள். நான் அங்கே இருந்தால் அவள் என்னிடம் வந்து பேசமாட்டாள். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று சரவணன் சொல்வான்.

4

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் தம்பியின் அழைப்பு. அவன் ஃபேக்டரியில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். வண்டியில் இருந்தால் அவனுக்குப் பின்னால் எப்போதும் இன்ஜின் இரைச்சல் கேட்கும். அன்றைக்கு இரைச்சல் இல்லை. பொம்பளைகள் சத்தம் கேட்டது. அவன் வாய் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா… அம்மா போயிடுச்சுக்கா.”

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாளாம். அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

வேலைக்கு வர முடியாது என்று மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். கிரெய்க் நல்ல மனிதர், தாடி வைத்த இளைஞர். போனில், “மை மதர் எக்ஸ்பயர்ட்” என்றேன். ஊரில் ஸ்கூல் லீவ் லெட்டரில் எத்தனை தடவை எழுதியிருக்கிறோம்!

“என்ன எக்ஸ்பயர் ஆச்சு, கோ? அவங்க விசாவா?”

இங்கே பாலும் பஸ் பாஸும்தான் எக்ஸ்பயர் ஆகும், மனிதர்கள் ஆகமாட்டார்கள். அப்போதுதான் புரிந்தது. தவறிட்டாங்க, போயிட்டாங்க, சாமிகிட்ட போயிட்டாங்க என்று நம்மூரில் எத்தனை துணி போட்டு மூடுவோம்! என் அம்மாவைப் பற்றி, விடிந்தும் விடியாமல், ‘டெட்’ என்ற அந்த மொட்டைச் சொல்லை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா செத்துவிட்டாள் என்பது தம்பி சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. நான் சொன்ன அந்தச் சொல்லில்தான் உறைத்தது.

பிறகு குடிவரவு உதவி எண். இசை போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். கடைசியில் வந்த பெண் குரல் மிகவும் மரியாதையாகப் பேசியது. முதலில் வருத்தம் தெரிவித்தது.

“நான் ஊருக்குப் போகணும்” என்றேன்.

“தாராளமாகப் போகலாம். உங்களை யாரும் தடுக்கவில்லை.”

“திரும்பி வர முடியுமா?”

“உங்கள் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.”

“அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்துடறேன். விண்ணப்பத்தைச் சீக்கிரம் முடிச்சுத் தரச் சொல்லிக் கேக்கலாமா?”

கேட்கலாம். அதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். தமிழில் இருந்தால் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பு வேண்டும். கோரிக்கை வந்தால் பரிசீலிப்பார்கள். இன்று வெள்ளிக்கிழமை, அதனால் திங்கட்கிழமைக்குப் பிறகுதான்.

அம்மா இறந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவள் இறந்ததற்கு அத்தாட்சி கேட்டு நான் எங்கே போவேன்?

சரவணன் இரவுப் பணி முடித்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான். “போறதுன்னா போ கொளஞ்சி. நான் வேணாங்கல. ஆனா…” என்றான். அந்த ‘ஆனா’வுக்கு மேல் அவன் சொல்லத் தேவையில்லை. நான் விட்டுவிட்டுப் போனால் அவர்கள் இருவருக்கும் அனுமதி கிடைக்கலாம். எனக்குக் கிடைக்காது. மறுபடி எப்போது விடுவார்கள், விடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. யாழினி பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னேன். பையைக் கீழே வைத்து, என்னை ஒரு முறை கட்டிப்பிடித்து, “ஐ ஆம் சாரி, மம்” என்றாள். பஸ்ஸில் கால் மிதித்துவிட்டால் சொல்கிற அதே சொல். அவளுக்கு வேறு சொல் தெரியாது.

தம்பி மறுபடி கூப்பிட்டான்.

“அக்கா, ஐஸ் பொட்டி வந்துடுச்சு. நீ வரன்னா சொல்லு, எத்தன நாளானாலும் வெச்சிருக்கேன். கரண்டுதான் போயிப் போயி வருது, அதான் பயமா இருக்கு. சனமெல்லாம் கேக்குறாங்க. மாமா, எப்படா எடுக்கறதுன்னு நிக்கிறாரு. என்னாங்க்கா சொல்லட்டும்?”

அவன் ஒரு தடவைகூட வா என்று கட்டாயப்படுத்தவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. முடிவை என் கையில் வைத்தான். பெற்றவளை வாசலைத் தாண்டி அனுப்பச் சொல்லும் வார்த்தையை நான்தான் சொல்ல வேண்டும்.

“நாளைக்கி எடுத்துடுங்கடா” என்றேன்.

“சரிங்க்கா” என்றான். அதற்குப் பிறகு இருவரும் போனை வைக்காமலே இருந்தோம்.

5

அடுத்த நாள் சனிக்கிழமை. கிரெய்க் விடுப்பு கொடுத்திருந்தார். ஆனாலும் மண்டபத்துக்குத்தான் போனேன். காரணம் சாதாரணமானது. எங்கள் வீடு ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. குக்கர் விசில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். மிக்ஸிக்கு ஒருமுறை புகார் கொடுத்திருக்கிறார். அந்தச் சுவருக்குள் எப்படி அழுவது? சரவணனுக்கு மாற்று ஆள் கிடைக்காததால் பணிக்குப் போய்விட்டான். யாழினியை, தோழியின் அம்மா வந்து கூட்டிப்போனார். ஒத்திகை மதியம்தான். அதுவரை கட்டடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். சாவி என்னிடம் இருந்தது. சுவரும் கனமான சுவர்.

மேடைப் படியில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகம் வைக்கிற தாங்கியில் போனைச் சாய்த்து வைத்தேன். வீடியோவில் எங்கள் தெரு தெரிந்தது. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஐஸ் பெட்டி. அம்மாவின் முகம் கண்ணாடிக்கு உள்ளே மங்கலாக இருந்தது. யாரோ வந்து கண்ணாடியைத் துடைத்தார்கள். தாரை தப்பட்டைச் சத்தம் போன் வழியாகத் தகரம்போல் வந்து, அந்தக் கல் கூரையில் போய் இடித்து, பெரிதாகிக் கீழே இறங்கியது.

போனைப் பிடித்திருந்தது சின்னம்மா. அம்மாவின் தங்கை. எங்கள் பக்கம் இழவு வீடென்றால் முதல் குரல் அவளுடையதாகத்தான் இருக்கும். திடீரென்று போனைத் தன் பக்கம் திருப்பினாள். திரை முழுக்க அவள் முகம்.

“ஏண்டி கொளஞ்சி, என்னாடி கல்லாட்டம் குந்தியிருக்க? வாயத் தொறந்து அழுவுடி!”

“அழுதுட்டுதான் இருக்கேன் சின்னம்மா.”

“அது ஒனக்கு நீ அழுவறது. உங்கம்மாளுக்கு அழுவுடி. பொட்டப்புள்ள ஒருத்திய பெத்து வெச்சிருக்கா. இப்பத் தூக்கிடுவாங்க. அவ காதுல உன் சத்தம் வுழாமப் போகணுமா?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது சின்னம்மா.”

“யாருக்குடி தெரியும்? வாயத் தொற, வரும்.”

போனைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டி மேல் வைத்துவிட்டாள். திரையில் பந்தல் துணி மட்டும் தெரிந்தது. அம்மாவின் தலைமாட்டில் நான் வெறும் குரலாக இருந்தேன்.

ஒப்பாரியை நான் பாடியதில்லை. படித்தவள் என்று ஒதுங்கி நின்று பார்த்தவள். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன், வந்தது.

“என்னப் பெத்தவளே, எனக்காகப் பட்டவளே,
வாசத் தூசி கூட்டாம வழி எங்க போறவளே!
காத்து நல்லா இருக்குமின்னு கடல் தாண்டி அனுப்புனியே,
மூச்சு நின்ன நேரத்துல முகம் பாக்க வுடலியே!
கதவு தொறந்திருக்கு தாயே, கால் எடுக்க முடியலியே,
கல்லுக் கட்டடத்துல கத்துறனே, கேக்குதா ஒனக்கு?”

வரிகளை இப்போது யோசித்து எழுதுகிறேன். அன்றைக்கு அவை இதைவிட உடைந்திருக்கும். ஒவ்வொரு வரி முடிவிலும் குரல் மேலே போய், கூரையில் நின்று, நான் அடுத்த மூச்சு இழுப்பதற்குள் திரும்பி வந்தது. பக்கத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்து வாங்கிப் பாடுவதுபோல் இருந்தது. இழவு வீட்டில் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுவார்கள் அல்லவா, அந்தக் கட்டடம் எனக்கு அப்படித் தோள் கொடுத்தது. மாரில் அடித்துக்கொண்டேன். எழுந்து நின்றேன். தலைமுடி அவிழ்ந்தது தெரியாது.

பந்தலில் சலசலப்பு. “தூக்குங்கப்பா” என்று மாமாவின் குரல். சின்னம்மா போனை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். தெரு ஆடி ஆடி வந்தது. வெளுத்த முருங்கை மரம், மளிகைக் கடை, தண்ணீர்த் தொட்டி. தெரு முக்கில் நின்றுவிட்டாள்.

“இதுக்கு மேல பொம்பளைங்க போறதில்ல, கொளஞ்சி” என்றாள், என்னவோ எனக்குத் தெரியாததுபோல். பாடை திரும்பி மறைந்தது. நான் அங்கேயே இருந்திருந்தாலும் என் தூரம் அவ்வளவுதான். மறுபடி குரலெடுத்து நான் கடைசி வரியைப் பாடும்போதே போன் கட்டாகிவிட்டது.

கடைசி வரி கூரையில் கொஞ்ச நேரம் இருந்து அடங்கியது.

அப்போது கைதட்டினார்கள்.

முதலில் ஒரு ஜோடிக் கைகள். பிறகு நிறைய. திரும்பிப் பார்த்தேன். பின்வாசலில் பாடகர் குழுப் பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர்கள். ஒத்திகை நேரத்துக்கு முன்னாலேயே வந்திருக்கிறார்கள். சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். அந்தக் கட்டடத்தில் மேடைமேல் நின்று ஒருவர் பாடினால் அது கச்சேரி. முடிந்தால் தட்ட வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த மரியாதை அது.

யாழினியும் அங்கே நின்றாள். அவள் தட்டவில்லை. முகம் சிவந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த பெண் அவள் காதில், “அது உன் அம்மாவா?” என்று கேட்டாள். அந்தக் கட்டடத்தில் பின்வாசலில் கிசுகிசுத்தால் மேடையில் கேட்கும். அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

“அவங்க இங்க வேலை செய்யறவங்க” என்றாள் என் மகள்.

6

மார்கரெட் என்று ஒரு வயதான அம்மாள் அங்கே டிக்கெட் கிழிக்கச் சம்பளமில்லாமல் வருவார். இது கோயிலாக இருந்தபோது அதில் ஞானஸ்நானம் வாங்கியவர், கல்யாணம் செய்துகொண்டவர். நான் விடுப்பு என்பதால் அன்று பின்வாசலைத் திறந்துவிட வந்த அவருக்கு, கிரெய்க் சொல்லி விஷயம் தெரிந்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “இது நிகழ்ச்சி இல்லை. இந்தப் பெண்ணின் அம்மா இறந்துவிட்டார். எல்லோரும் வெளியே நில்லுங்கள்” என்றார். கைகள் அப்படி அப்படியே நின்றன. மழையில் நனைந்துகொண்டு அத்தனை பேரும் வெளியே போய் நின்றார்கள்.

மார்கரெட் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், உட்கார நேரமாயிற்று.

“என் அம்மாவின் சவப்பெட்டியையும் இங்கேதான் வைத்திருந்தார்கள்” என்றார். “நான் அழவில்லை. யாரும் அழவில்லை. அழக்கூடாது. கைக்குட்டையைப் பற்களுக்கு நடுவில் கடித்துக்கொண்டு பாதிரியார் பேசுவதைக் கேட்டேன். இத்தனை வருடத்தில் இந்தக் கல் இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது.”

நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? கோயில் கோயிலாகவே இருந்திருந்தால் எனக்கு யாரும் கைதட்டியிருக்கமாட்டார்கள் என்று. ஆனால் கோயிலாக இருந்திருந்தால் என்னை அப்படி அழ விட்டிருக்கவேமாட்டார்கள்.

விண்ணப்பத்துக்கு அனுமதி, அம்மாவின் கருமாதி முடிந்த பிறகு வந்தது. ஒரு மின்னஞ்சல், இரண்டு வரி. இனி போகலாம், வரலாம். தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்பட்டான். பிறகு, “இப்ப வந்து என்னாங்க்கா பண்ணப் போற? பாப்பா லீவுல சேந்தாப்ல வாங்க” என்றான். அவன் சொன்னது நியாயம். லீவு வந்தது. சரவணனுக்குப் புது இடத்தில் லீவு கிடைக்கவில்லை. அடுத்த லீவில் யாழினிக்கு ஏதோ போட்டி. ஒரு வருடம் இப்படியே போய்விட்டது. முன்பு போகக்கூடாது என்று ஒரு விதி இருந்தது, அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்ட ஒன்றும் இல்லை. அம்மா இல்லாத வீட்டுக்குள் காலை வைக்க எனக்கே பயம் என்பதுதான் உண்மை.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி யாழினியும் நானும் பேசிக்கொள்ளவே இல்லை. அவள் சொன்னது எனக்குக் கேட்டது என்று அவளுக்குத் தெரியாது.

7

போன வாரம் கிரெய்க் இரண்டு கோப்பை டீயோடு வந்தார். அவர் டீ கொண்டுவந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். பல நாட்டுப் பாட்டுகளுக்கென்று ஒரு மாலை நடத்தப்போகிறார்களாம்.

“கோ, போன வருடம் நீங்கள் பாடிய அந்தப் பாட்டு. இன்னமும் ஆட்கள் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். உங்களுக்குச் சிரமமில்லை என்றால் மட்டும்…”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கௌரவப்படுத்துவதாகத்தான் நினைத்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். “யோசித்துச் சொல்கிறேன்” என்று வாயில் வந்தது. இந்த ஊரில் நான் பழகிக்கொண்ட சொற்களில் அதுவும் ஒன்று.

சரவணன் பணியில் இருந்தான். சாப்பாட்டு மேசையில் யாழினிக்கு எதிரே உட்கார்ந்து, யாரிடமோ பேசுவதுபோல் தமிழில் புலம்பினேன். “அதப் போய் மேடையில பாடணுமாம். டிக்கெட் போட்டு. எவ செத்தா நான் பாடறது?”

அவள் காதிலிருந்து ஹெட்போனை எடுத்தாள்.

“வாட் வேர் த வேர்ட்ஸ்? அன்னைக்கி. நீ என்ன பாடின?”

அவள் தமிழில் ஒரு வாக்கியம் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. ஒவ்வொரு வரியாகச் சொல்லி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். தூசி, கடல், கதவு எல்லாம் அவளுக்குப் புரிந்தது. ‘பெத்தவளே’ என்பதை மட்டும் என்னால் மாற்றித்தர முடியவில்லை. அம்மா என்றுதான் அர்த்தம் என்றேன். அப்புறம் இல்லை, அது அதைவிட மேலே என்றேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யார் சொல்லிக் குடுத்தா? அம்மாயியா?”

“யாரும் சொல்லிக் குடுக்கலடி. வாயத் தொறந்தேன், வந்துச்சு.”

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு கேட்டாள், அதையும் தமிழில்.

“அம்மா, நீ செத்தா நான் பாடணுமா?”

அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

“எனக்கு வராதும்மா. வாய் தொறந்தாலும் வராது. எனக்கு வேர்ட்ஸ் தெரியாதே” என்றாள். இந்த ஒரு வருடமாக அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது வெட்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

எழுந்து போய் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நான் சொல்லித் தருகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எந்தத் தாய் தன் சாவுக்குப் பாட வேண்டியதைத் தானே உட்கார்ந்து சொல்லித் தருவாள்? சொல்லித் தராவிட்டால், அன்றைக்கு இந்தப் பிள்ளை எந்தச் சுவருக்குள், என்ன சொல்லி அழும்?

“சோறு ஆறுது. சாப்புடு” என்றேன்.